இரண்டு பேருக்கு ஓர் அட்டை

நான் ஒரு திருடி என்பது எனக்கே தெரியாமல் பதினாறு வருடம் இருந்திருக்கிறேன். கண்டியில் ஒரு கல்விக் கந்தோரில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த எழுதுவினைஞர்தான் அதை எனக்குச் சொன்னார். மனிதர் கெட்டவர் இல்லை, சத்தத்தைக் குறைத்துத்தான் சொன்னார். இருந்தாலும் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். மற்றவர் விஷயம் என்றால் நம் சனத்துக்குக் காது தானாக நீளும்.

தோட்டப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்களை எடுத்த வருடம் அது. வயதெல்லை முப்பத்தைந்து. எனக்கு முப்பத்து நான்கு. அதுவரை பத்து வருடமாக ஒரு முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு, மாலையில் டியூஷன் கொடுத்து, கண்டியில் யாரோ ஒருவர் வீட்டுப் பின்னறையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். கல்யாணப் பேச்சுகள் எல்லாம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக முடிந்திருந்தன. பட்டியலில் என் பெயர் வந்த அன்று நான் யாருக்கும் இனிப்புக் கொடுக்கவில்லை. இனி எவர் வீட்டுப் பின்னறையிலும் இருக்க வேண்டியதில்லை என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். மிச்சம் இருந்தது பொலிஸ் அறிக்கை ஒன்றுதான். அது வெறும் சம்பிரதாயம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

சம்பிரதாயம் மூன்று வரியில் வந்தது. வீட்டில் திருட்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. மேலே என் முழுப் பெயர், என் அடையாள அட்டை இலக்கம். அது நானில்லை என்று சிங்களத்தில் சொன்னேன், பிறகு தமிழில் சொன்னேன், பிறகு கோபத்தில் இரண்டையும் கலந்து சொன்னேன். எழுதுவினைஞர் என்னை உள்ளே இருந்த அதிகாரியிடம் அனுப்பினார். அந்த அம்மா கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நியமனத்தை ஒரு வருடம் நிறுத்திவைக்கலாம், அதற்குள் இதைத் துடைத்துக்கொண்டு வந்தால் சரி, இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார். எப்படித் துடைப்பது என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது, ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள் என்றார்.

வெளியே வந்து குளக்கட்டுச் சுவரில் உட்கார்ந்தேன். கடதாசியில் இருந்த திகதியை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அந்த மாதம் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாவலப்பிட்டிக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், உயர்தரப் பரீட்சை முடிவு வருமா வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நான் எங்கும் போகவில்லை. என் அட்டைதான் போயிருந்தது.

இதை வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம். எங்கள் லயத்தில் அடையாள அட்டை என்பது குடை மாதிரி. வீட்டுக்கு ஒன்று இருக்கும், வெளியே போகிறவர் எடுத்துக்கொண்டு போவார். அந்த யுத்த காலத்தில் வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. தமிழ் ஆள் ஒருவர் அட்டை இல்லாமல் கண்டிக்குள் இறங்கினால் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஆனால் அட்டை எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், தோட்டத்தில் பிறந்த பாதிப் பேருக்கு அது கிடையாது. என் அக்கா அப்படிப்பட்டவள். அம்மா அவளைப் பெற்றது தாய்வீடு இருந்த தோட்டத்தில். அந்தத் தோட்டம் பிள்ளையை இந்தத் தோட்டம் பதியும் என்று விட்டது, இந்தத் தோட்டம் அந்தத் தோட்டம் பதிந்திருக்கும் என்று விட்டது. இரண்டு வருடம் கழித்துப் பிறந்த எனக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான் பரீட்சை எழுதினேன், அட்டை வந்தது. அக்கா நாலாம் வகுப்போடு நின்று கொழுந்து பறிக்கப் போனாள்.

பிறகு கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. போகிற அன்று அம்மா என் அட்டையை எடுத்து அவள் பையில் வைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே. இவ வீட்டுலதானே கெடக்கப் போறா."

எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எட்டு மாதத்தில் அக்கா திரும்பி வந்தாள். வேலை ஒத்துவரவில்லை என்றாள். அட்டையை எடுத்த இடத்தில் வைத்தாள். அவ்வளவுதான்.

இதெல்லாம் அந்தக் குளக்கட்டில் இருந்தபடி எனக்கு ஞாபகம் வந்தது. எனக்குப் பரிதாபம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்படியே எழும்பிப் பிலிமத்தலாவைக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா அங்கே ஒரு ஹார்ட்வெயார் கடையின் பின்பக்க அறையில் குடும்பம் நடத்தினாள். மச்சானுக்கு அந்தக் கடையில் வேலை. முதலாளி அவரை நம்பிக் கடைச் சாவியையே கொடுத்துவைத்திருந்தார். மச்சானுக்கு அது பட்டம் வாங்கியது போல. ஒரு மகள், எட்டாம் வகுப்பு. நான் போனபோது அக்கா துவைகல்லில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கடதாசியை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். அவளுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. ஆனால் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். கையை நெஞ்சுச் சீலையில் துடைத்துக்கொண்டு கல்லிலேயே உட்கார்ந்தாள்.

"அது முடிஞ்சு போன கத."

"முடிஞ்ச கதையா? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"என்னான்னு சொல்லுறது. அந்த வீட்டம்மாவோட சங்கிலியக் காணல. பொலிசு வந்துச்சு. ஒத்துக்கிட்டா சாயங்காலமே வீட்டுக்குப் போயிரலாம், ஒத்துக்கலன்னா ரிமாண்டுன்னு அங்க இருந்த பொம்பள ஒருத்தி சொன்னா. ஒரு ராத்திரி அந்தக் கூட்டுக்குள்ள இருந்துட்டேன். இன்னொரு ராத்திரி முடியாதுன்னு தோணிருச்சு."

"என் பேர்ல ஒத்துக்கிட்டியே அக்கா."

"கையில இருந்த பேரு அதுதானே."

அந்தப் பதிலுக்கு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். உன்னால் என் வாழ்க்கையே போச்சு என்றேன். நேராகப் பொலிசுக்குப் போய் இவள்தான் ஆள் என்று காட்டிவிடுவேன் என்றேன். சங்கிலியை அவள் எடுத்தாளா இல்லையா என்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா வாளியில் மிதந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னா செய்யணும்னு சொல்லு, செய்யிறேன்" என்றாள்.

கண்டியில் ஏழைகளுக்கு இலவசமாக வழக்குப் பார்க்கும் ஓர் இடம் இருந்தது. அங்கே எனக்குக் கிடைத்த சட்டத்தரணி யாழ்ப்பாணத்து அம்மா. கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டே இருப்பார், பேச்சில் சீனி கிடையாது. முதல் நாளே அவரிடம் கேட்டேன், இந்தப் பதிவை அழிக்க என்ன வழி என்று.

"எழுதினதை அழிக்கிறதுக்கெண்டு இஞ்ச ஒரு றப்பர் இல்லைப் பிள்ளை. பிழையா எழுதினது எண்டு காட்டினால் திருத்தலாம். உம்மட விரல் அடையாளத்தை எடுத்துப் பழையதோட ஒப்பிட்டால் அது நீர் இல்லை எண்டு தெரிஞ்சிடும். அதில கஷ்டம் இல்லை. ஆனா கோட்டில நீதவான் கேக்கிற அடுத்த கேள்வி, அப்ப அது ஆருடைய விரல் எண்டு."

நான் ஒரு யோசனை வைத்திருந்தேன். இரவெல்லாம் யோசித்த யோசனை. அட்டை தொலைந்துவிட்டது, யாரோ எடுத்துப் பாவித்திருக்கிறார்கள், யாரென்று தெரியாது என்று சத்தியக் கடதாசி முடிக்கலாமா என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தொலைஞ்ச அட்டைக்கு நீர் எங்க முறைப்பாடு குடுத்தனீர்? பிறகு அதே அட்டை எப்பிடி உம்மட கையில கிடக்குது? பொய்ச் சத்தியத்தில நான் கையெழுத்து வாங்க மாட்டன். நாளைக்கு அதுக்கும் உம்மைக் கூண்டில ஏத்துவினம்."

ஆக, அக்கா வந்தே ஆக வேண்டும். தானே வந்து, அன்று கூண்டில் நின்றது நான்தான், அட்டை தங்கச்சியுடையது என்று சத்தியம் செய்ய வேண்டும். அடுத்த கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மகளின் பாடசாலைக் கூட்டத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சட்டத்தரணி பேனையைத் திறந்து, "உங்கட அடையாள அட்டையைத் தாங்கோ" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எனக்கு இல்லைங்க மிஸ்."

"பிறப்புச் சான்றிதழ்?"

"இல்லைங்க."

"கலியாணப் பதிவு?"

"கோயில்லதாங்க கட்டுனாரு."

சட்டத்தரணி பேனையை மூடினார். "ஆளே இல்லாத ஆளை நான் எப்பிடியம்மா கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறது?" என்றார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே வழி தெரியாமல்தான் கேட்டார். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த என் அக்கா இந்த நாட்டில் எந்தக் கடதாசியிலும் பிறக்கவில்லை. குற்றவாளியாக வேண்டுமானால்கூட அவள் முதலில் பிறந்தாக வேண்டும்.

எனக்குக் கிடைத்த ஒரு வருடத்தில் ஆறு மாதம் அவளைப் பிறக்க வைப்பதிலேயே போனது. கிராம சேவகர் பிரதேச செயலகத்துக்கு அனுப்புவார், அங்கே பதிவாளரிடம் அனுப்புவார்கள், அவர் சாட்சிக் கடதாசி கேட்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதைதான். ஒவ்வொரு தடவையும் அக்கா வீட்டில் உண்மையைச் சொல்லாமல் வர வேண்டியிருந்தது. மச்சானிடம் எனக்குத் துணைக்குப் போவதாகச் சொன்னாள். நான் நாட்காட்டியில் ஒவ்வொரு கிழமையையும் வெட்டிக்கொண்டே வந்தேன். டியூஷன் பிள்ளைகளை ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஏசினேன். பஸ்ஸில் ஒருநாள் அக்கா அசந்து என் தோளில் சாய்ந்தபோது தோளை நகர்த்திக்கொண்டேன். இத்தனைக்கும் காரணம் இவள்தானே என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது பழைய தோட்டத்துப் பள்ளிக்கூடம். நாவலப்பிட்டிக்கு ரயிலில் போய், அங்கிருந்து மேலே நடந்து, இப்போதிருக்கும் தலைமை ஆசிரியரைக் கெஞ்சினோம். அவர் ஓர் அலுமாரியைத் திறந்து, கரையான் தின்றது போக மிச்சமிருந்த பிள்ளைகளைச் சேர்த்த பதிவு இடாப்புகளை வெளியே போட்டார். அரை நாள் தும்மிக்கொண்டே புரட்டினோம். முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் அக்காவின் பெயர் இருந்தது. பிறந்த திகதி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு வாத்தியார் தைப்பொங்கலுக்கு முன் என்று எழுதியிருந்தார். அக்கா அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அதை வைத்துத்தான் அவளுக்குச் சான்றிதழ் கிடைத்தது, அதை வைத்து அட்டை கிடைத்தது.

அட்டை கைக்கு வந்த அன்று அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"இது என் மூஞ்சிதான், என்னா?"

"வேற யாரு மூஞ்சி?"

"இல்ல, சும்மா கேட்டேன்." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு சொன்னாள். "இனி எனக்குப் பாஸ்போட் எடுக்கலாம்தானே? எங்க கடை வரிசையில ரெண்டு பேரு குவைத்துக்குப் போயிருக்காங்க. மூணு வருசம் போய்ட்டு வந்தா மகள எங்கயாவது போடிங்ல தங்க வச்சுப் படிப்பிக்கலாம். அவளாவது ஒன்ன மாதிரி வரட்டும்."

எடுக்கலாம் என்றேன். வெளிநாட்டுக்குப் போகவும் பொலிஸ் அறிக்கை கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அதை நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் பின்வாங்கிவிடுவாளோ என்று பயந்தேன். ஆறு மாதம் மிச்சம் இருந்தது, தலைக்கு மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது, எனக்கு என் கழுத்துத்தான் பெரிது.

விரல் அடையாளம் எடுக்க இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம். பத்து விரலையும் கறுப்பு மையில் உருட்டி, ஒவ்வொன்றாகக் கடதாசியில் அழுத்தினார்கள். பிறகு பின்னால் இருந்த குழாயடியில் கழுவச் சொன்னார்கள். ஒரு துண்டுச் சவர்க்காரம் கிடந்தது. என் கை இரண்டு தேய்ப்பில் வெளுத்தது. அக்காவின் கை வெளுக்கவில்லை. வருடக்கணக்காக உடுப்புத் தோய்த்து வெடித்த விரல்கள், வெடிப்புக்குள்ளே மை இறங்கிவிட்டது. அவள் சுவரில் தேய்த்துப் பார்த்தாள், கல்லால் தேய்த்துப் பார்த்தாள். கடைசியில் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அன்று மச்சான் அந்த விரல்களைப் பார்த்துவிட்டார். அவளால் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பதினாறு வருசமா யாருக்கும் தெரியாத விஷயம். இப்ப மொதலாளிக்குத் தெரிஞ்சா என் கையில சாவி இருக்குமா புள்ள? நீங்களே சொல்லுங்க."

"என் நெலமையையும் பாருங்க மச்சான்."

"நீங்க படிச்சவங்க. ஒங்களுக்கு இது இல்லாட்டி இன்னொண்ணு. எங்களுக்கு என்னா இருக்கு?"

அவர் சொன்னது பாதி சரி, பாதி பிழை. எனக்கும் இன்னொன்று இல்லை. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார்.

கொழும்பிலிருந்து விரல் அறிக்கை வந்தது. பழைய வழக்குக் கோவையில் இருப்பது என் விரல்கள் அல்ல, அக்காவின் விரல்கள். சட்டத்தரணி அதைத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணீர் வந்தது. சந்தோஷக் கண்ணீர்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஏழு எட்டு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு முழுதாக உள்ளே போனது. அக்கா பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். என் முதுகைத் தடவிவிட்டாள். மை இறங்கிய அந்த விரல் வெடிப்புகள் என் முதுகில் உரசின.

மேல் நீதிமன்றம் அந்த அறிக்கையையும் அக்காவின் சத்தியக் கடதாசியையும் பார்த்து, என் பெயரில் இருந்த தீர்ப்பை ரத்துச் செய்தது. அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. உண்மையான ஆளை நிறுத்தி முதலிலிருந்து விசாரிக்கும்படி வழக்கைத் திரும்பக் கீழ் நீதிமன்றத்துக்கே அனுப்பினார்கள். அந்த வழக்கு முடிந்து, கோவை மூடப்பட்டுப் போனால்தான் பொலிஸ் பதிவில் என் பெயரை எடுப்பார்கள்.

சட்டத்தரணிக்கு அதில் கவலை இல்லை. நீதிமன்றத் தாழ்வாரத்தில் அக்காவைப் பிடித்து நிறுத்தி, விளக்கமாகச் சொன்னார்.

"வடிவாக் கேளுங்கோ அம்மா. நீதவான் கேக்கேக்க, நான் சுத்தவாளி எண்டு சொல்லுங்கோ. முறைப்பாடு குடுத்த வீட்டுக்காரி இப்ப வெளிநாட்டில. சாட்சிக்கு ஒருத்தரும் வரப்போறதில்லை. ரெண்டு மூண்டு தவணை போட்டுட்டு வழக்கைத் தள்ளிடுவினம். அட்டை மாறின விஷயத்தையும் நான் கதைச்சு எச்சரிக்கையோட முடிச்சுத் தருவன். நீங்கள் முழுசா வெளியில வந்திடலாம். ஒத்துக்கொண்டால் அது பொலிஸ் அறிக்கையில ஏறும், வெளிநாட்டுக்குக்கூடப் போகேலாது. விளங்குதோ?"

"விளங்குதுங்க."

"ரெண்டு மூணு தவணைன்னா எவ்வளவு நாள் மிஸ்?" என்று கேட்டது நான்.

"ஆறு மாதம். சிலவேளை கூட."

"எனக்கு இன்னும் அஞ்சு கிழமைதான் இருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்யிறது பிள்ளை? கடிதம் எழுதித் தவணை கேட்டுப் பாப்பம்."

"அவங்க குடுக்க மாட்டாங்க மிஸ். அந்தக் கந்தோர் அம்மா சொல்லிட்டாங்க. அப்ப இவ்வளவு அலைஞ்சதும் சும்மாவா? ஒரு வருசம்." என் குரல் உடைந்துவிட்டது. தாழ்வாரத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது நான் அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்கும்படிதான் சொன்னேன் என்பது இப்போது எனக்குத் தெரியும். அக்கா தன் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

அடுத்த கிழமை வழக்குக் கூப்பிட்டார்கள். நகரத்துக்கு வெளியே சின்ன நீதிமன்றம். பதினாறு வருடத்துக்கு முன் அவள் நின்ற அதே கூண்டு. மொழிபெயர்ப்பவர் குற்றப் பத்திரிகையைத் தமிழில் வாசித்தார், ஒவ்வொரு சொல்லும் எனக்கே தெளிவாகக் கேட்டது. பிறகு சுத்தவாளியா குற்றவாளியா என்று கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "குத்தவாளிங்க" என்றாள்.

சட்டத்தரணி எழும்பிவிட்டார். தன் கட்சிக்காரருக்குக் கேள்வி விளங்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். நீதவான் நல்ல மனிதர், இன்னொரு தடவை நிதானமாகக் கேட்கச் சொன்னார். அந்த இடைவெளி எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? கால் நிமிடம் இருக்கும். நான் மூன்றாவது வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எழும்பி, வேண்டாம் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாராவது என்னை வெளியே போகச் சொல்லியிருப்பார்கள், அதைவிட வேறொன்றும் நடந்திருக்காது. நான் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். எதைச் சொல்லிவிட வேண்டும் என்று வேண்டினேன் என்பதை இப்போது பாடசாலையில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில்கூட நினைத்துக்கொள்வேன்.

"குத்தவாளிதாங்க. நான் ஒத்துக்கிறேன்" என்றாள் அக்கா.

பழைய தண்டனையையே மறுபடி கொடுத்தார்கள், இந்தத் தடவை அவள் பெயரில். கோவை அன்றைக்கே மூடப்பட்டது. வெளியே வந்ததும் சட்டத்தரணி அக்காவோடு ஒன்றும் பேசவில்லை. என்னிடம் மட்டும், "உம்மட பேர் கிளியர்" என்றார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போய்விட்டார்.

கண்டிக்கு வந்து, பிலிமத்தலாவை பஸ்ஸில் அக்காவை ஏற்றிவிட்டு நானும் கூடவே ஏறினேன். தனியாக விட மனம் வரவில்லை. இரண்டு பேர் ஆசனத்தில் ஜன்னல் பக்கம் அவள். பேராதனைப் பாலம் தாண்டினோம். பிறகுதான் கேட்டேன். பஸ் சத்தத்தில் அவளுக்குக் கேட்காமல் போனாலும் பரவாயில்லை என்பது போலத்தான் கேட்டேன்.

"அக்கா, நீ அந்தச் சங்கிலிய எடுத்தியா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பதினொரு மாசமா ஒங்கூட அலையிறேன். இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சா?"

நான் மடியில் இருந்த வழக்குக் கடதாசிகளை நேராக்கினேன்.

"எடுத்தேன்னு நெனச்சுக்கிட்டுத்தானே இவ்வளவு நாளும் வந்த?"

உண்மை. அப்படித்தான் நினைத்திருந்தேன். துவைகல்லுக்குப் பக்கத்தில் கடதாசியை நீட்டிய அந்த முதல் நாளிலிருந்தே, அவள் எடுத்திருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வீட்டுக்காரி நினைத்தது போல, பொலிஸ் நினைத்தது போல, நானும் நினைத்திருக்கிறேன். இல்லை என்று பொய் சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை. அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

பிலிமத்தலாவை வந்ததும் எழும்பினாள். கைப்பையைத் திறந்து தன் புது அடையாள அட்டையை எடுத்து, என் மடியில் இருந்த வழக்குக் கடதாசிகளுக்கு மேலே வைத்தாள்.

"இதையும் நீயே வச்சுக்க."

"எனக்கு எதுக்கு அக்கா? இது ஒன்னோடது."

"எனக்கு இனி வெளிய போற வேல ஒண்ணும் இல்லையே" என்றாள்.

கண்டக்டர் அவசரப்படுத்தினான். அவள் படியில் பார்த்து இறங்கி, ஹார்ட்வெயார் கடைப் பக்கம் நடந்தாள். அட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கி ஓடியிருக்கலாம். பஸ் புறப்பட்டது, நான் உட்கார்ந்தே இருந்தேன்.